அடுப்பருகே நின்றால்தான் சமையலா?

அமெரிக்காவில் இரவுச் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்களிடமும் பேசுகிறவர்களிடமும் ஒரு கருத்து ஊறிப்போயிருக்கிறது. பாஸ்தா என்றால் பெரிய பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் கொதிக்க வேண்டும், பக்கத்து அடுப்பில் சாஸ் தயாராக வேண்டும், பதமாக வெந்த நிமிடமே வடித்துப் புரட்டித் தட்டில் போட வேண்டும். அதுதான் சமையல். அகலமான பாத்திரத்தில் பாஸ்தா, தக்காளிச் சாஸ், சீஸ் எல்லாவற்றையும் போட்டு ஓவனுக்குள் தள்ளிவிட்டு, அதே பாத்திரத்தோடு மேசைக்குக் கொண்டுவருவது சமையலே அல்ல என்கிறார்கள். கேசரோல் என்ற பெயரையே ஏளனமாகத்தான் உச்சரிக்கிறார்கள். இத்தாலியர்களின் உணவை அமெரிக்கச் சோம்பேறித்தனம் கெடுத்துவிட்டது என்பது அவர்களுடைய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் சமைக்கிறவர்களும் அதை நம்பிவிட்டார்கள். "இன்னைக்கு ஒண்ணும் பெரிசா செய்யலை, பேக் பண்ணின பாஸ்தாதான்" என்று வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொல்வதை நியூ ஜெர்சியில் நம் வீடுகளிலும் கேட்டிருக்கிறேன், அக்கம்பக்கத்து வீடுகளிலும் கேட்டிருக்கிறேன்.

அந்த மன்னிப்பு தேவையே இல்லை. இந்த உணவின் மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டுகள் வரலாற்றைப் பார்த்தாலும் நிற்காது, சமையல் நுட்பத்தைப் பார்த்தாலும் நிற்காது. வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவரின் உடம்பில் மிச்சமிருக்கும் தெம்பைக் கணக்கில் எடுத்தால் சுத்தமாக நிற்காது.

ஓவனில் வைப்பது அமெரிக்கர்கள் கண்ட குறுக்குவழி என்பவர்கள் தெற்கு இத்தாலியைக் கொஞ்சம் பார்க்கட்டும். பலேர்மோவில் சிறு வளையங்களாக இருக்கும் அனெல்லெத்தி பாஸ்தாவை இறைச்சிச் சாஸும் பட்டாணியும் கத்தரிக்காயும் சேர்த்து ஓவனில் வைப்பார்கள். அது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, குடும்ப விருந்துச் சாப்பாடு. ஆகஸ்ட் 15 விடுமுறையன்று பாத்திரத்தோடு கடற்கரைக்கும் போகும். நேப்பிள்ஸில் கார்னிவல் வந்தால் சிறு இறைச்சி உருண்டைகளும் ரிக்கோட்டாவும் அடுக்கிய லசான்யா ஓவனில் ஏறும். இத்தாலியை விட்டு வெளியே வந்தால் மால்டாவில் திம்பானா, கிரேக்கத்தில் பஸ்தீட்சியோ, எகிப்தில் வெள்ளை சாஸ் ஊற்றிய மக்கரோனா, டிரினிடாடிலும் பார்படோஸிலும் மக்ரோனி பை. பின்லாந்தில் மக்ரோனியோடு கொத்திறைச்சி சேர்த்து, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி ஓவனில் வைப்பார்கள். அங்கே அதை யாரும் விருந்துப் பண்டமாகவோ வீழ்ச்சியாகவோ நினைப்பதில்லை. சாதாரண நாளில் சாதாரணமாகச் சாப்பிடும் உணவு அது. இத்தனை நாட்டு அடுப்படிகள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன என்றால், அதில் சோம்பலைத் தவிர வேறு ஏதோ இருக்க வேண்டும் என்று தோன்ற வேண்டாமா?

அமெரிக்காவின் கதையையே எடுத்துக்கொள்வோம். தாமஸ் ஜெஃபர்சன் 1784ல் பாரிஸுக்குப் போனபோது, தன்னிடம் அடிமையாக இருந்த ஜேம்ஸ் ஹெமிங்ஸை உடன் அழைத்துப்போய் பிரெஞ்சுச் சமையல் பழக வைத்தார். பிறகு ஹெமிங்ஸ் விடுதலை கேட்டபோது, கற்றதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் விடுதலை என்று நிபந்தனை விதித்தார். ஹெமிங்ஸ் தன் தம்பி பீட்டருக்குக் கற்றுக்கொடுத்து, 1796ல் விடுதலை பெற்றார். 1802ல் ஜனாதிபதி ஜெஃபர்சனின் விருந்தில் மக்ரோனி பை பரிமாறப்பட்டதை மனாசே கட்லர் என்ற விருந்தாளி எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். 1824ல் மேரி ராண்டால்ஃப் வெளியிட்ட விர்ஜினியாச் சமையல் புத்தகத்தில் செய்முறையே இருக்கிறது: மக்ரோனியைப் பாலும் தண்ணீரும் கலந்து வேகவைத்து, பாத்திரத்தில் ஒரு அடுக்கு மக்ரோனி, மேலே சீஸ், வெண்ணெய், மறுபடி மக்ரோனி என்று நிரப்பி, இருபது முப்பது நிமிடம் ஓவனில் வைக்கச் சொல்கிறார். தெற்கு இத்தாலியிலிருந்து ஏழை மக்கள் லட்சக்கணக்கில் கப்பலேறி வந்தது 1880க்குப் பிறகு. அவர்கள் கரையிறங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அமெரிக்க அடுப்பில் ஏறிவிட்ட உணவு, அவர்கள் கொண்டுவந்ததை எப்படிக் கெடுத்திருக்க முடியும்? இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த விர்ஜினிய மாளிகைகளில் புத்தகத்தில் பெயர் வந்தவர் ஒருவர், அடுப்பின் வெக்கையில் நின்றவர்கள் அடிமைப் பெண்களும் ஆண்களும். சமையலில் உழைப்பின் மேன்மையைப் பேசுகிறவர்கள் யாருடைய உழைப்பைப் பேசுகிறார்கள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

பின்னால் வந்த இத்தாலியர்களும் ஓவனைக் கைவிடவில்லை. நேப்பிள்ஸிலும் சிசிலியிலும் இறைச்சியையும் சீஸையும் பண்டிகைக்கு மட்டும் பார்த்தவர்கள் அவர்கள். நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் கூலி கையில் வந்ததும் மொசரெல்லாவும் ரிக்கோட்டாவும் டின் தக்காளியும் எட்டும் தூரத்துக்கு வந்தன. குழாய் போன்ற சிட்டி பாஸ்தாவை இவற்றோடு சேர்த்து ஓவனில் வைத்தார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு வீடு எல்லாவற்றுக்கும் அலுமினியத் தட்டுகளில் அது போனது, இன்றும் போகிறது. காலப்போக்கில் வார நாள் இரவுக்கும் வந்தது. ஊரில் வருஷத்துக்கு ஓரிரு முறை கிடைத்த சாப்பாடு வந்த நாட்டில் செவ்வாய்க்கிழமையும் கிடைத்தது. இதில் கெட்டுப்போனது என்ன? இந்த முன்னேற்றத்தைச் சீரழிவு என்று சொல்ல, பசி தெரியாதவர்களால்தான் முடியும்.

கேசரோல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் டின் சூப்பைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். 1934ல் கேம்பல் நிறுவனம் காளான் கிரீம் சூப்பை டின்னில் அடைத்து விற்கத் தொடங்கியது. 1937ல் கிராஃப்ட் நிறுவனம் மக்ரோனியும் சீஸ் பொடியும் அடங்கிய பெட்டியைக் கொண்டுவந்தது. பத்தொன்பது சென்ட்டுக்கு நாலு பேர் சாப்பிடலாம் என்றது. பெருமந்தத்திலும் போர்க்காலப் பங்கீட்டிலும் வீடு நடத்திய பெண்கள் அவற்றை வாங்கினார்கள், நிறுவனங்கள் டின்னை விற்பதற்காகவே கேசரோல் செய்முறைகளை அச்சிட்டுத் தள்ளின. சூப்பை நூடுல்ஸ் மேல் கவிழ்த்துச் செய்த அந்தப் பசையான, உப்புக் கரிக்கும் உணவுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் பத்தொன்பது சென்ட்டில் நாலு வயிற்றை நிரப்பிய பெண்ணைப் பார்த்துச் சிரிக்கவும் எனக்கு மனம் வராது. மோசமாகச் செய்யப்பட்ட ஒரு பதிப்பை வைத்து முழு உணவையும் தள்ளிவைப்பது நியாயம் என்றால், பள்ளி விடுதியில் போட்ட உப்புமாவை வைத்து ரவையையே ஊரைவிட்டு விரட்ட வேண்டியதுதான்.

அடுத்து, பாஸ்தா குழைந்துவிடும் என்ற குற்றச்சாட்டு. இதில்தான் எதிர்த்தரப்பு தன் பக்கம் அறிவியல் இருப்பதாக நம்புகிறது. பல வீடுகளில் ஓவன் பாஸ்தா குழைந்துதான் வருகிறது, மறுக்கவில்லை. காரணம் ஓவன் அல்ல. பாக்கெட்டில் போட்ட நேரம் முழுக்கத் தண்ணீரில் வேகவைத்து, முற்றிலும் வெந்ததை மறுபடி அரைமணி நேரம் சாஸில் வேகவைத்தால் எது குழையாது? செய்கிற முறை தவறென்றால் முறையைத் திருத்த வேண்டும்.

பாஸ்தா வேகும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. காய்ந்த மாவு தண்ணீரைக் குடிக்கிறது. குடித்த தண்ணீரோடு மாவிலுள்ள ஸ்டார்ச் சூட்டில் உப்பி இளகுகிறது. கொதிக்கும் தண்ணீரில் இரண்டும் ஒன்றாக நடப்பதால் ஒரே காரியம் என்று நினைத்துவிட்டோம். சமையல் கலைஞர்களான ஆக்கி கமோசாவாவும் அலெக்ஸாண்டர் டால்பட்டும் இவற்றைப் பிரித்தே காட்டினார்கள்: பாஸ்தாவைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்துவிட்டால், பிறகு சூட்டில் ஒரு நிமிடம் போதும். உணவு அறிவியல் எழுத்தாளர் ஹரால்ட் மெகீ 2009ல் எழுதிய கட்டுரையில், அண்டா நிறையக் கொதிநீர் வேண்டும் என்ற விதியையே சோதித்துப் பார்த்து, கொஞ்சம் தண்ணீரில், அதுவும் பச்சைத் தண்ணீரில் தொடங்கினாலும் பாஸ்தா நன்றாக வேகும் என்று காட்டினார். பாஸ்தாவுக்குத் தேவை அளவான தண்ணீரும் போதுமான சூடும்தான். மூடி போட்ட ஓவன் பாத்திரம் இரண்டையும் கொடுக்கிறது.

பல்லுக்குத் தட்டுப்படும் பதத்தை ஏதோ ஆதிகாலத்துக் கட்டளை போலப் பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியச் சமையல் கலைஞர் மார்ட்டினோ, சிசிலி மக்ரோனியை இரண்டு மணி நேரம் வேகவிடச் சொல்லியிருக்கிறார். விறைப்பான பதம் உடனே தட்டில் போட்டுச் சாப்பிடும் பாஸ்தாவுக்கு நல்ல பதம்தான். ஓவனில் அடுக்கி வைப்பது வேறொரு பண்டம். நடுவில் மென்மையாக, ஓரத்தில் முறுகலாக, கரண்டியால் வெட்டினால் உருக்குலையாமல் நிற்பது அதன் பதம். இட்லி முறுகலாக இல்லை என்று யாராவது குறை சொல்வார்களா?

செய்முறையைச் சொல்கிறேன். பென்னே, ரிகடோனி, சிட்டி எதுவானாலும் 450 கிராம், வேகவைக்காமல் அப்படியே. பதின்மூன்றுக்கு ஒன்பது அங்குலப் பாத்திரத்தில் பரப்ப வேண்டும். சாஸுக்கு ஆலிவ் எண்ணெயில் ஐந்தாறு பல் பூண்டை நசுக்கிப் போட்டு, கொஞ்சம் மிளகாய்ச் செதிலும் உலர்ந்த ஒரிகானோவும் சேர்த்து, 800 கிராம் நசுக்கிய டின் தக்காளியைக் கொட்டி, 700 மில்லி தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். பார்த்தால் தப்பாக நீர்த்துவிட்டது போலத் தெரியும். தெரியட்டும். 450 கிராம் பாஸ்தா வேகும்போது அரை லிட்டருக்கு மேல் தண்ணீரைக் குடித்துவிடும். சாஸ் கெட்டியாக இருக்க வேண்டும் என்று இங்கே தண்ணீரைக் குறைப்பவர்கள்தான் பின்னால் நடுவில் வேகாத, மேலே காய்ந்த பாஸ்தாவைச் சாப்பிட்டுவிட்டு ஓவனைத் திட்டுகிறார்கள். உப்புத் தண்ணீரில் தனியாக வேகவைக்காததால் பாஸ்தாவுக்குள் போக வேண்டிய உப்பும் சாஸிலிருந்தே போக வேண்டும். அதனால் இந்தக் கட்டத்தில் சாஸ் நாக்கில் கொஞ்சம் கரிக்கத்தான் வேண்டும்.

கொதிக்கும் சாஸைப் பாஸ்தா மேல் ஊற்றி, ஒன்றுகூட வெளியே தலைநீட்டாதபடி அமுக்கி, அலுமினியத் தாளால் ஓரம் நெருக்கி மூடி, 220 டிகிரி செல்சியஸில் முப்பத்தைந்து நிமிடம். ஆவி வெளியே போகக் கூடாது, போனால் அந்தத் தண்ணீர் பாஸ்தாவுக்கு நஷ்டம். கண்ணாடிப் பாத்திரம் என்றால் ஓவன் முழுச் சூட்டை எட்டிய பிறகே உள்ளே வைக்க வேண்டும், சாஸை ஊற்றும்போதும் பாத்திரம் சில்லென்று இருக்கக் கூடாது. திடீர்ச் சூட்டில் கண்ணாடி வெடிக்கலாம். உலோகத் தட்டென்றால் இந்தக் கவலை இல்லை.

எங்கள் தெருக் கோடியில் இருந்த ஒரு இத்தாலிய வம்சாவளிப் பாட்டி தாளைப் பிரித்ததும் முதலில் பாஸ்தாவைக் கிள்ளிப் பார்க்க மாட்டார். துணியால் பிடித்துப் பாத்திரத்தை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். மூலையில் சாஸ் குளம் கட்டி, குமிழ் விட்டுக்கொண்டே மெதுவாக ஓடி வந்தால் திருப்தி. ஓடாமல் அப்பிக்கொண்டு நின்றால் கால் டம்ளர் வெந்நீர் விட்டு ஒரு கிளறு கிளறுவார். பிறகுதான் சீஸ். ரிக்கோட்டாவை அங்கங்கே கரண்டியால் வைத்து, ஈரம் குறைந்த மொசரெல்லாவைத் துருவி 225 கிராம் தூவி, மேலே ஒரு பிடி பார்மசான். துருவியே விற்கும் சீஸை வாங்க மாட்டார். ஒட்டாமலிருக்க அதில் மாவுப் பொடி சேர்த்திருப்பதால் சரியாக உருகாது. புத்தம் புது மொசரெல்லா உருண்டையும் இதற்கு ஆகாது, தண்ணீர் விட்டுவிடும். தாள் இல்லாமல் இன்னும் பத்து நிமிடம். மேலே துருத்திக்கொண்டிருக்கும் பாஸ்தா முனைகள் கருஞ்சிவப்பாகி, பாத்திர ஓரத்தில் சீஸ் கறுத்துப் பொரிந்திருக்கும். வெளியே எடுத்ததும் யாரையும் கை வைக்க விட மாட்டார். பத்து நிமிடம் ஆறினால்தான் மிச்சச் சாஸைப் பாஸ்தா இழுத்துக்கொண்டு துண்டு நிற்கும். இதில் எந்த இடத்தில் அந்த அம்மாள் சமைக்கவில்லை என்று சொல்வீர்கள்? தண்ணீரின் அளவு, உப்பின் அளவு, தாளைப் பிரிக்கும் நேரம், ஆறவிடும் பொறுமை எல்லாமே தீர்மானங்கள். வாணலியில் புரட்டுகிறவர் தவறைப் பாதியில் திருத்திக்கொள்ளலாம். ஓவனுக்கு அனுப்புகிறவர் முன்கூட்டியே சரியாகக் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"ஒரு மணி நேரம் ஆகிறதே, அடுப்பில் வைத்தால் இருபது நிமிடத்தில் முடியுமே" என்பது அடுத்த வாதம். அந்த இருபது நிமிடம் உணவகத்தின் நேரம். அங்கே தண்ணீர் சாயங்காலத்திலிருந்தே கொதித்துக்கொண்டிருக்கிறது. வெங்காயத்தையும் பூண்டையும் காலையிலேயே யாரோ நறுக்கி டப்பாக்களில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாஸ் மதியமே தயார். அழுக்குப் பாத்திரம் தொட்டியில் விழுந்தால் கழுவ ஒருவர் நிற்கிறார். வீட்டில் இந்த நால்வர் வேலையையும் ஒரே ஆள் செய்கிறார். நாலைந்து லிட்டர் தண்ணீர் கொதிக்கவே கால் மணி நேரம் ஆகிவிடும். பிறகு வடிகட்டி, சாஸ் வாணலி, அண்டா என்று கழுவ மூன்று சாமான். ஓவன் பாஸ்தாவுக்குக் கடிகாரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலேயே ஆகிறது என்பது உண்மை. அதில் கைவேலை பதினைந்து நிமிடம். மீதி நேரத்தில் குழந்தையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கலாம், குளிக்கலாம், ஊருக்கு அம்மாவோடு பேசலாம், ஒன்றுமே செய்யாமல் நாற்காலியில் சாய்ந்திருக்கலாம். கடைசியில் சொன்னதைச் சோம்பல் என்கிறார்கள். எட்டு மணி நேரம் மருத்துவமனை வார்டிலோ கிடங்கிலோ நின்றுவிட்டு வந்த ஒருவர் நாற்பது நிமிடம் உட்காருவதைச் சோம்பல் என்று சொல்லும் வாய் எனக்குப் புரியவில்லை.

அதோடு, புரட்டிய பாஸ்தா ஆட்களைக் காத்திருக்க வைக்கும், தான் காத்திருக்காது. ஒருவர் ஆறு மணிக்கும் இன்னொருவர் ஏழேகாலுக்கும் பிள்ளை விளையாட்டு முடிந்து எட்டுக்கும் வந்து சேரும் வீட்டில் அது யாராவது ஒருவருக்குத்தான் நன்றாக இருக்கும். சமைத்தவர் கடைசியில் ஆறிப்போனதைச் சாப்பிடுவார், அது எந்த நாட்டு வீடானாலும் அப்படித்தான். ஓவன் பாத்திரம் தாள் மூடி வைத்தால் அரைமணி நேரத்துக்கு மேல் சூடு காக்கும். மறுநாள் ஒரு துண்டை வெட்டி எண்ணெய் தடவிய வாணலியில் முறுகவிட்டால் மதியச் சாப்பாடு.

மாவும் சீஸும் உடம்புக்கு ஆகாது என்பவர்களுக்கு விரிவாகப் பதில் சொல்ல அவசியமில்லை. இந்த அளவை ஆறு பேர் தாராளமாகச் சாப்பிடலாம், கூட ஒரு கிண்ணம் பச்சைக் காய் வைக்கலாம். சாஸ் கொதிக்கும்போது இரண்டு பிடி கீரையோ, நறுக்கிய காளானோ, முன்பே வேகவைத்த பயறோ சேர்ப்பதை யாரும் தடுக்கவில்லை.

உழைப்பின் கணக்குக்கு வருகிறேன், எனக்கு மிகவும் முக்கியமானது அதுதான். அடுப்பருகே நின்று புரட்டும் சமையலை இன்னொருவர் கையில் பாதியில் கொடுக்க முடியாது. பதம் தெரிந்தவர் ஒருவரே முதலிலிருந்து கடைசிவரை நிற்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருவர் அம்மா. "நின்று செய்தால்தான் ருசி, அன்போடு செய்தால்தான் ருசி" என்று சொல்லிச் சொல்லியே அவரை அங்கேயே நிற்க வைத்திருக்கிறோம். ஓவன் பாஸ்தாவில் தீர்மானங்கள் எல்லாம் முன்னாலேயே முடிந்துவிடுவதால் மீதி வேலையை யாரிடமும் கொடுக்கலாம். ஞாயிறு இரவே சாஸைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியதும் டப்பாவில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். மொசரெல்லாவைத் துருவி இன்னொரு டப்பாவில் போடலாம். செவ்வாய்க்கிழமை காலை பாஸ்தாவை உலோகத் தட்டில் அளந்து பரப்பி மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். அன்று சாயங்காலம் யார் முதலில் வீட்டுக்கு வருகிறாரோ அவர், கணவரானாலும் பதினான்கு வயதுப் பையனானாலும், ஓவனைப் போட்டுவிட்டு, சாஸைக் கொதிக்கவைத்து ஊற்றி, தாளை நெருக்கி மூடி, ஓவனுக்குள் தள்ளி, முப்பத்தைந்து நிமிடத்துக்கு அலாரம் வைக்க வேண்டியதுதான்.